காரை இறக்கினால் போதுமா?

இந்த வாரம் பத்தியில் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக் கார்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வீரா என்றால் வீரன். சத்ரியா என்றால் சத்திரியன். புத்ரா என்றால் புத்திரன். மூன்றுமே நமக்குப் பழகிய சொற்கள்தான். 1990களில் புரோட்டோன் வெளியிட்ட இந்தக் கார்களில் பலவற்றுக்கு இன்று இருபது, இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு அவற்றின் மேல் உள்ள ஆசை தீரவில்லை. கிள்ளான், காப்பார், பூச்சோங், செந்தூல் என்று எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சக்கரம் கழற்றிய ஒரு பழைய சத்ரியா நிற்கும். பக்கத்தில் கை முழுக்க எண்ணெயோடு ஒரு தம்பி குந்தியிருப்பார்.

"என்னப்பா செய்றே?" என்று கேளுங்கள். "சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்றேன்க்கா" என்பார். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், அவர் சொல்லும் அப்கிரேட் என்பது காரை இறக்குவதுதான் என்று தெரியும். தரைக்கும் காருக்கும் நடுவில் ஒரு சிகரெட் பெட்டி நுழையாத அளவுக்கு இறக்கினால் அது ஸ்போர்ட்ஸ் கார். இல்லாவிட்டால் அது அம்மா சந்தைக்குப் போகிற கார்.

இந்தக் கணக்கு தப்பு என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு சத்ரியா ஜிடிஐ இருக்கிறது.

சத்ரியா ஜிடிஐ-யைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1990களின் கடைசியில் வந்த கார். 1.8 லிட்டர் இயந்திரம், சுமார் 140 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் நம் சாலைகளில் அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் காரின் உண்மையான பெருமை இயந்திரத்தில் இல்லை. 1996-இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த லோட்டஸ் பொறியாளர்கள்தான் இந்தக் காரின் சஸ்பென்ஷனை அமைத்துக் கொடுத்தார்கள். முன்சக்கரங்களுக்கு மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்சக்கரங்களுக்குப் பல கைகள் கொண்ட மல்ட்டிலிங்க் அமைப்பு. லோட்டஸ்காரர்களின் கைராசி என்ன தெரியுமா? ஸ்பிரிங்கைத் தேவைக்கு மேல் இறுக்க மாட்டார்கள். ஸ்பிரிங் இளக்கமாக இருக்கும், அப்சோர்பர் அதைச் சரியாக அடக்கும். அதனால்தான் அவர்கள் கை பட்ட கார்கள் வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடும், மேடு பள்ளத்தில் முதுகையும் உடைக்காது.

நான் வாங்கிய காரில் அந்த லோட்டஸ் வேலை எதுவும் மிச்சம் இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார். தெரிந்துதான் வாங்கினேன், அதனால்தான் விலையும் குறைவாகக் கிடைத்தது. வேலை நாட்களில் நான் தங்குவது பிரிக்பீல்ட்ஸில், அப்பா அம்மா இருப்பது கிள்ளானில். அதிகாலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு ஓடுவதற்கு அந்தக் கார் போதுமாக இருந்தது. முதுகு வலித்தாலும் வயது தாங்கியது.

போன வருடம் நிலைமை மாறியது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். தம்பி ஜொகூரில் வேலை செய்கிறான். ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது அப்பாவைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் உங்களுக்குத் தெரியும். முடிந்து வரும்போது உடம்பிலிருந்து நீரெல்லாம் வடித்து எடுத்த மாதிரி சோர்ந்திருப்பார்கள். ஊசி ஏறிய கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொள்வார்கள்.

கிள்ளான் சாலைகளை நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லோரிகள் இரவும் பகலும் உழுத சாலைகள். தாமானுக்குள் திரும்பினால் பத்து வீட்டுக்கு ஒரு வேகத்தடை. அப்பா ஒருநாளும் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்: "காடி நல்லாத்தான் ஓடுதும்மா. ஒவ்வொரு பம்புலயும் என் எலும்ப நான் எண்ணிக்கிட்டு வர்றேன்."

அம்மா சிரிக்கவில்லை. "இத வித்துட்டு ஒரு மைவி எடு" என்றார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவா, காரா என்று வந்தால் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை சரிசெய்து பார்க்கலாம் என்று கேட்டேன். இரண்டு வாரம் தவணை கிடைத்தது.

உதவிக்கு வந்தவர் என் மாமா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிகளின் ஸ்பிரிங்கோடு வாழ்நாளைக் கழித்த மனிதர். காரின் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல ஸ்பிரிங்கும் சரியில்ல, அப்சோர்பரும் சரியில்ல, புஷ்ஷும் செத்துப்போச்சு. காடி நிக்குதுன்னா அது சாமி புண்ணியம்."

இங்கே கொஞ்சம் பாடம். ஸ்பிரிங்கின் வேலை, சக்கரம் மேட்டில் ஏறும்போது காரையும் சேர்த்துத் தூக்காமல் தான் மட்டும் சுருங்கிக்கொள்வது. ஆனால் சுருங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும், மறுபடி சுருங்கும், ஆடிக்கொண்டே இருக்கும். தம்புராவின் தந்தியை மீட்டி விட்டால் அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது! தந்தியின் மேல் ஒரு விரலை வைத்தால் உடனே அடங்கிவிடும். அந்த விரல்தான் அப்சோர்பர். உள்ளே எண்ணெய் இருக்கும். சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி அடங்கும். விரலை மிக இலேசாக வைத்தால் தந்தி அதிர்ந்துகொண்டே இருக்கும், மிக அழுத்தி வைத்தால் தந்தி அசையவே அசையாது. காரிலும் அதே கதைதான்.

சாதாரணக் கார் ஒன்று தன் ஸ்பிரிங்கின் மேல் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை வரை ஏறி இறங்கும் விதத்தில் அமைக்கப்படுகிறது. அந்த அசைவு மனித உடம்புக்கு ஒத்துப்போகும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதைவிடக் கொஞ்சம் வேகம். அதையும் தாண்டி இறுக்கிக்கொண்டே போனால், அசைவு குலுக்கலாக மாறிவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன நடக்கும்? சுற்றுகள் குறைவதால் கார் இறங்கும், அது கண்ணுக்குத் தெரியும். சுற்றுகள் குறைந்த ஸ்பிரிங் கடினமாகவும் ஆகிவிடும், அது முதுகுக்குத் தெரியும். கண்ணுக்கும் முதுகுக்கும் தெரியாத சங்கதிகள் இன்னும் இருக்கின்றன. அப்சோர்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது, இந்தப் புதிய கடினத்தை அதனால் அடக்க முடியாது. சக்கரம் மேலே போக இருந்த இடம் குறைந்துவிட்டதால், சின்னப் பள்ளத்திலும் கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை, சாதாரணமாகக் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் இருக்கும். காரை அளவுக்கு மேல் இறக்கினால் அந்தக் கையின் சக்கரப்பக்க முனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். மெக்பர்சன் அமைப்பில் இப்படி ஆனால், வளைவில் கார் எந்தப் புள்ளியை வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி காரின் உடம்பைவிட வேகமாகக் கீழே போய்விடும். அதாவது, சாயாமல் இருப்பதற்காக இறக்கிய கார், அதே காரணத்தால் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். இப்படியே கதை நீளும்.

கடினமான கார் சாலையை நன்றாகப் பிடிக்கும் என்பது மழவழப்பான பந்தயத் தடத்துக்குச் சரி. கரடுமுரடான சாலையில் கடினமான சக்கரம் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் சாலையைத் தொடவில்லை. தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. மாலை நான்கு மணி மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையில், முன்னால் போகிற லோரி திடீரென்று பிரேக் போடும்போது இதன் அர்த்தம் தெரியும்.

நம் நாட்டு கரம்ஜித் சிங்கை நினைவிருக்கிறதா? 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றவர். ஓட்டியது புரோட்டோன் கார். மண் சாலையில் ஓடும் ராலி கார்களைப் பாருங்கள். அவை தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. உயரமாக நிற்கும். சக்கரம் மேலும் கீழும் போக நிறைய இடம் இருக்கும். சாலை எப்படியோ அப்படி சஸ்பென்ஷன். நம் சாலை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். உதிரிபாகக் கடைக்குப் போனபோது முதல் கேள்வி, "அண்ணன் வரலையாம்மா?" என்பதுதான். மாமா வெளியே சிரித்துக்கொண்டு நின்றார். ஹை-லோ அட்ஜஸ்டபிள் செட் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார் கடைக்காரர். பளபளவென்று சிவப்பு நிறம். நல்ல தரமான ஹை-லோ செட் மோசமான பொருள் இல்லை. ஆனால் தேய்ந்துபோன ரப்பருக்கு நடுவில் அதைப் பொருத்துவது, கறையான் அரித்த நிலைக்குப் புதுக் கதவு போடுகிற மாதிரி. நாங்கள் வாங்கிய பட்டியல் வேறு: தொழிற்சாலை உயரத்திலேயே நான்கு ஸ்பிரிங், பழையதைவிடச் சற்றே உறுதியான நான்கு அப்சோர்பர், மேல் மவுண்ட், அதன் பேரிங், ரப்பர் தடுப்புகள், ஸ்டெபிலைசர் லிங்க், முன்னும் பின்னும் எல்லா புஷ்களும். காசு போதாதவர்களுக்கு மாமா சொல்கிற வரிசை இது: முதலில் புஷ், அப்புறம் அப்சோர்பர், கடைசியில் ஸ்பிரிங். எது வாங்கினாலும் இடம் வலம் ஜோடியாக வாங்க வேண்டும்.

முதல் வார இறுதி முழுக்கக் கழற்றுவதிலேயே போனது. இருபது வருட துரு சும்மா விடாது. மாமா முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற வைத்தார். தரை சமமான சிமெண்ட். ஜேக் என்பது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். நான்கு ஸ்டாண்டும் வைத்து, காரைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கீழே கை நீட்டவே விட்டார். கழற்றிய சக்கரங்களையும் காருக்கு அடியில் படுக்க வைத்தார். "ஸ்டாண்டு ஏமாத்தினாலும் சக்கரம் தாங்கும்" என்பது ரயில்வே புத்தி.

ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்ய அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது. ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான இந்தக் காரில் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. அதைச் சுருக்கிப் பிடித்திருக்கும்போது கொக்கி நழுவினால் பீரங்கிக் குண்டுதான். மலிவான கொக்கிகளை வைத்து வீட்டு வாசலில் இதைச் செய்கிற தம்பிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சுவரில் பொருத்திய அழுத்தும் இயந்திரம் இருக்கிற பட்டறைக்குப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அரை மணி நேரத்தில் முடிந்தது, செலவும் ஒரு குடும்பச் சாப்பாட்டுக் காசுதான்.

இரண்டாவது வார இறுதியில் திரும்பப் பூட்டினோம். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. புஷ் என்பது இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். நாள் முழுக்க முறுக்கிலேயே இருக்கும் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே முதலில் போல்ட்டைத் தளர்வாகப் போட வேண்டும். காரின் பாரம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகு, அதே நிலையில்தான் கடைசி இறுக்கம். மாமா இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை வைத்து, காரை அதன் மேல் ஏற்றி, சக்கரத்துக்குத் தடை போட்டு, தாமே கீழே படுத்து இறுக்கினார். எழுபதை நெருங்கும் மனிதர். "நான் செய்றேன் மாமா" என்றதற்கு, "நீ டார்ச்சப் புடி, பேசுறது மட்டும் வேண்டாம்" என்றார். வானொலிக்காரிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

எல்லாம் முடிந்த பிறகும் வேலை முடியவில்லை. சஸ்பென்ஷனைத் தொட்டால் சக்கரங்களின் கோணம் மாறும். உடனே நான்கு சக்கர அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் புது டயரின் உள்பக்கம் சில மாதங்களில் மொட்டையாகிவிடும். டயர்க் காற்றையும் கார் கதவில் எழுதியிருக்கும் அளவுக்கு வைத்தோம். அளவுக்கு மேல் அடித்த காற்றாலும் குலுக்கல் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல மழை. வளைவில் கார் என் கை சொன்ன இடத்துக்குப் போனது, பிரேக் போட்டபோது நேராக நின்றது. லோட்டஸ்காரர்கள் எதைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் வழியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. தாமான் வேகத்தடைகளை மெதுவாகக் கடந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, எழுப்ப மனமில்லாமல் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே வந்து பார்த்தார். மைவி பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

கார் முன்பைவிட உயரமாக நிற்கிறது. சாலை விளக்கில் பக்கத்தில் வந்து நிற்கும் தம்பிகள் அதைப் பார்த்து, "என்னக்கா, ஸ்டாண்டர்டாவே வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். பின் இருக்கையில் ஒருவர் தூங்கும் அளவுக்கு ஓடுகிற ஸ்போர்ட்ஸ் காரைவிட உயர்ந்த அப்கிரேட் எனக்குத் தெரியவில்லை.

உங்களில் யாராவது இறக்கத்தான் போகிறேன் என்றால், அது உங்கள் கார், உங்கள் விருப்பம். அதற்கேற்ற முழு செட் வாங்குங்கள், ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீர்கள். வாங்கும் முன்பே ஜேபிஜே விதிமுறையை விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வது பிரயோஜனப்படாது.

இன்று ஞாயிறுதானே? காலைத் தேநீர் முடிந்ததும் வாசலுக்குப் போய், உங்கள் காரின் ஒரு மூலையில் இரண்டு கையையும் வைத்து நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு, மூன்று தடவை ஆடினால் அப்சோர்பர் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம். அப்படியே வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, தாமானை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். மீதியை எந்த ஃபோர்மேனும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் சந்திப்போம்.